ஹலோவுக்கு முன் வரும் சத்தம்

மார்ச் 3
முதல் ஊர், அரங்கத்தின் பின்னறை

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன், நலமாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். வந்து சேர்ந்தது மட்டும்தான் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் வீட்டுப் போனை நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள். பகல் முழுக்க ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு வருகிறவருக்கு மணிச்சத்தம் கேட்டாலே காது கூசும், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கே பண்ணினால் கேட்கவே வேண்டாம். உங்கள் பிள்ளை பத்து வயதில் ஒரு தடவை அங்கே போன் பண்ணி வாங்கிக்கட்டிக்கொண்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அதனால் கடிதம்.

என் சிந்தசைசரை யாரோ நாசம் பண்ணிவிட்டார்கள். உடைக்கவில்லை அத்தை, துடைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நான் இதை விளக்கிச் சொன்னதே இல்லை. நீங்களும் "உன் பெட்டி" என்பதோடு விட்டுவிடுவீர்கள். இப்போது வருகிற கீபோர்டுகளில் ஒரு பட்டனைத் தட்டினால் நேற்று வைத்த சத்தம் இன்றும் வரும். என் பெட்டி எனக்கு ஏழு வயதாக இருந்தபோது செய்யப்பட்டது. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. நாற்பத்தொரு குமிழ்களையும் திருகி, வயர்களைத் துளை பார்த்து மாட்டினால்தான் ஒரு சத்தம் பிறக்கும். குமிழ் மயிரிழை நகர்ந்தாலும் வேறு சத்தம். மேடையில் எங்கள் குழுவின் பாடகர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் அவ்வளவையும் அடுத்த பாட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்காகத்தான் குமிழ்களைச் சுற்றியும் துளைகளுக்குப் பக்கத்திலும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தேன். எட்டுப் பாட்டு, எட்டு நிறம். மூன்று வருஷ உழைப்பு. அத்தனையும் போய், பெட்டி புதுப் பாத்திரம் மாதிரி மினுக்குகிறது.

ஒத்திகைக்காக நானும் பாடகரும் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம் அல்லவா? பெட்டியோடு வேனில் வந்தது உங்கள் பிள்ளை ஒருவர்தான். கேட்டால், "நான் தொடவே இல்ல. சத்தியமா தொடல" என்கிறார். முப்பது கிலோவைத் தூக்கி முதுகு போகிறது, விற்றுவிடலாம் என்று போன வருஷம் சொன்னது யார்?

நேற்று முதல் நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டில் குழல் மாதிரி வர வேண்டிய சத்தம் கன்றுக்குட்டி மாதிரி வந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தே விட்டார். நானும் உங்கள் பிள்ளையும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அவர் டிரம்ஸுக்குப் பின்னால், நான் பெட்டிக்குப் பின்னால்.

வயர்களையெல்லாம் நீளவாரியாகப் பிரித்துத் துணிக்கிழிசலால் கட்டி வைத்திருந்தீர்களே, நன்றி. அது ஒன்றுதான் உருப்படியாக வந்து சேர்ந்தது. கிளம்புகிற அன்று பெட்டிப் பக்கம் யாராவது வந்தார்களா? யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 7
வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் குளியலறைக் குழாயும். அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வாஷர் மாற்றிவிட்டுப் போகிறேன் என்று சத்தியம் பண்ணிய உன் புருஷனிடம் சொல். (நல்லது செய்தால் அவன் என் பிள்ளை, இல்லாவிட்டால் உன் புருஷன். கல்யாணத்தன்றே பேசிக்கொண்டதுதானே?)

பெட்டி விஷயம் படித்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. அந்தப் புள்ளிகள் பாட்டுக்காக வைத்தவை என்பது பொதுவாக யாருக்கும் தெரிந்திருக்காது, இல்லையா? நீ மேடை ஏறும் முன் பெட்டி முன்னால் உட்கார்ந்துதான் நகத்துக்குப் பூசிக்கொள்வாய். சிந்திய கறை என்று யாராவது நினைத்திருக்கலாம். நான் சும்மா சொல்கிறேன்.

நாற்பத்தொரு குமிழா? நாற்பது என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். புதிதாக வந்த கண் டாக்டரை எல்லாரும் காது டாக்டர் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் கோபம் இரட்டிப்பாகும். அவனை ரொம்பத் திட்டாதே.

அத்தை


மார்ச் 12
மூன்றாவது ஊர், விடுதி

அன்புள்ள அத்தைக்கு,

குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டார்.

முந்தாநாள் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் முன்னாலேயே போட்டு வைக்காவிட்டால் அதற்குச் சுருதி நிற்காது. உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். ஒரு குமிழின் அடியிலிருந்து எதையோ நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒரு இணுக்குப் பஞ்சு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, நான்தான் துடைச்சேன். அழுக்கா இருந்துச்சு" என்றார். பத்து நாளாகச் சத்தியம் பண்ணியவர்! எதை வைத்துத் துடைத்தீர்கள் என்றால் "துணி" என்கிறார். கையிலே பஞ்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்.

துடைத்தது கூடப் பரவாயில்லை. பத்து நாள் என்னைப் பைத்தியக்காரி ஆக்கினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் இப்போது பேருந்தில் அவரோடு உட்காருவதில்லை. வேனில் ஸ்பீக்கர்களோடு போகிறேன்.

இதற்கு நடுவில் பாடகர் வேறு. அவரும் கெட்டவர் இல்லை. என் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுத்தான் என்னைக் குழுவில் சேர்த்தார். ஆனால் நேற்று கூப்பிட்டு, "பெரிய அரங்கத்துல ஏப்ரல் ஒண்ணாம் தேதி கடைசி நிகழ்ச்சி. பத்தாயிரம் பேர் முன்னாடி நான் தண்ணி குடிச்சிக்கிட்டே நிக்க முடியாதும்மா. கீபோர்ட் ஒண்ணு வாடகைக்குச் சொல்லிட்டேன். அதுக்குள்ள எட்டுப் பாட்டும் பழையபடி வந்தா பெட்டி. இல்லன்னா கீபோர்ட்" என்றார்.

ஏழு பாட்டைக் காதாலேயே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன், அத்தை. மெதுவான பாட்டுதான் வரவில்லை. நான்கு நிமிஷம் டிரம்ஸ் கிடையாது, கிட்டார் கிடையாது. பெட்டி மட்டும்தான். உள்ளே சத்தம் எழுப்புகிற பாகங்கள் இரண்டு. ஒன்றின் சுருதியை மற்றதிலிருந்து துளியூண்டு விலக்கி வைத்தால் சேர்ந்து ஒரு துடிப்பு வரும், வவ்... வவ்... என்று. எவ்வளவு விலக்கினேன் என்பதுதான் போய்விட்டது. கொஞ்சம் கூடினால் நடுக்கம், குறைந்தால் உறக்கம். அது என் பாட்டு, நான் போட்டது. அதற்கே வழி தெரியாமல் நிற்கிறேன்.

இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

உங்கள் மருமகள்


மார்ச் 15
வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

அவன் துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

இதை எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்துப் போட்டேன். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். குழாய் சொட்டுகிறது, கண் டாக்டர் வந்திருக்கிறார் என்று மென்று விழுங்கினேன். அந்தப் பஞ்சைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்திருக்கும். கண்ணாடிச் சட்டத்தின் மூலையைக்கூடப் பஞ்சு திரித்துத் துடைக்கிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறான். இந்த ஒரு தடவை அவன் என் பிள்ளை. அவன் பக்கத்தில் போய் உட்கார்.

நீ கிளம்பியதும் இரண்டு நாள் லீவு போட்டேன். பத்தாயிரம் பேர் பார்க்கப்போகிற பெட்டி, என் மருமகள் வாசிக்கிற பெட்டி, கறையோடு போகக் கூடாது என்று தோன்றியது. இதற்கென்றே கடைக்குப் போய் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினேன். கடைக்காரப் பெண் என் நகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவன் வேன் ஏற்பாட்டுக்கு வெளியே போயிருந்த இரண்டு பகலும் குனிந்தபடி ஒவ்வொரு குமிழாகத் துடைத்தேன். பச்சை மட்டும் லேசில் போகவில்லை. அதற்காக ரொம்பக் கஷ்டப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக என் போர்டில் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் நானே வண்ணக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரசவ வார்டு மஞ்சள், ஆபரேஷன் தியேட்டர் சிவப்பு. யாராவது அதைக் கிழித்தால் சும்மா விடுவேனா? அடுத்தவர் வேலையில் மட்டும் அது கறையாகத் தெரிந்திருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அந்தப் பெட்டி வந்த புதிதில் சாப்பாட்டு மேஜை இடத்தை அது பிடித்துக்கொண்டது என்று ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். இப்போது நான்தான் அழித்தேன் என்றால், வேண்டுமென்றே செய்தாள், மாமியார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று நீ நினைப்பாயோ என்று பயம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். நான் உடைத்தது பொன்குடம்தான், அது எனக்குத் தெரியும்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. பழக்கமில்லை. ஆனால் எழுதிவிட்டேன், பார்.

அத்தை


மார்ச் 22
வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

ஏழு நாளாகப் பதில் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. உனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும், ஆனால் இவ்வளவு நாள் அங்கேயே உட்காராது. அதனால் இது வருத்தம்தான். வருத்தத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மெதுவான பாட்டுக்கு வேண்டுமானால் ஏதாவது செய்யலாம்.

உன் பாட்டை நான் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ வாசிக்கும்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்தினேன், உண்மைதான். உனக்குக் கூச்சமாக இருக்குமே என்று சாத்தினேன். சுவர் வழியாக எல்லாம் கேட்கும். மூன்று வருஷமாக ஒரு பாட்டு விடாமல் கேட்டிருக்கிறேன்.

அந்த மெதுவான பாட்டு முதல் தடவை கேட்டபோது நீ என்னைக் கேலி பண்ணுகிறாய் என்று நினைத்தேன். அது எங்கள் போர்டின் சத்தம். அழைப்பு வந்து வயரை மாட்டியதும், அந்தப் பக்கம் இருப்பவர் ஹலோ சொல்வதற்கு முன், லைனில் ஒரு உறுமல் இருக்கும். யார், என்ன, நல்லதா கெட்டதா என்று ஒன்றும் தெரியாத அந்த ஒரு நொடி. அதைத் தினமும் முன்னூறு தடவை கேட்கிறேன். உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது கவனமாகப் படி. சமையலறைக் கடிகாரம் ஒரு நொடிக்கு ஒரு டிக். நீ வாசிக்கும்போது காய் நறுக்கிக்கொண்டே நிற்பேன், கத்தி தானாக அந்தத் துடிப்போடு சேர்ந்துகொள்ளும். கடிகாரம் இரண்டு டிக் அடிப்பதற்குள் உன் பெட்டி மூன்று தடவை துடிக்கும். இரண்டுக்கு மூன்று. பாட்டு முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சோர்ந்து வரும், பெட்டி சூடாகிவிடும் போல. என் காதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இருமலை வைத்தே எந்த டாக்டர் என்று சொல்கிறவள் நான்.

பதில் போடாவிட்டாலும் இதைச் செய்து பார்.

அத்தை

பி.கு: நான் துடைத்தது நாற்பதுதான். ஒன்றை விட்டிருக்கிறேன். அதில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா பார்.


மார்ச் 27
ஆறாவது ஊர், வேனுக்குள்

அன்புள்ள அத்தைக்கு,

மிஞ்சிய குமிழைப் பார்த்தேன். அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அதற்கு நான் புள்ளியே வைத்ததில்லை. உட்கார்ந்து சிரித்தேன். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். துடைத்ததற்கு இல்லை. "யோசித்து எழுதுங்கள்" என்று உங்களிடமே கேட்டேனே, நீங்கள் குழாயைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு. நான் அவரை என்னென்னவோ சொல்லிவிட்டேன். எல்லாம் வீண் பழி. உங்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதனால் எழுதவில்லை.

பிறகு உங்கள் அடுத்த கடிதம் வந்தது. இரண்டுக்கு மூன்று என்பதை நான் தனியாகச் செய்ய முடியாது. பெட்டியில் சுருதியைத் திருகுகிற கை என்னுடையது, கணக்கு வைக்கிற கை வேறு வேண்டும். பேருந்தில் ஏறினேன். அவர் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "எந்திரிங்க. ஒரு கையால ரெண்டு, இன்னொரு கையால மூணு தட்டணும்" என்றேன். "எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. மன்னிப்பை அப்புறம் வழியில் கேட்டுக்கொண்டேன். "எங்கம்மாவ நீ ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அரங்கத்தில் பெட்டியைச் சூடேற்றி, அவர் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து இடது தொடையில் இரண்டு, வலது தொடையில் மூன்று தட்டிக்கொண்டே இருக்க, நான் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். நாற்பது நிமிஷம். திடீரென்று துடிப்பு அவர் வலது கையோடு போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தை. மூன்று வருஷமாக அந்தப் பாட்டைச் சுவர் கேட்கிறது என்று நினைத்து வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கேலி பண்ணவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் உங்களுக்குக் குடை கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். போர்டில் கை ஓயாமல் வேலையாக இருந்தீர்கள். பக்கத்து இருக்கையில் கிடந்த இன்னொரு ஹெட்போனை எடுத்து என் காதில் ஒரு நொடி வைத்துப் பார்த்தேன். நீங்கள் கவனிக்கவில்லை. அதில் கேட்டதைத்தான் போட்டேன்.

கடைசி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். வாருங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2
கடைசி ஊர், காலை

அன்புள்ள அத்தைக்கு,

"மாற்று ஆள் காய்ச்சலில். வர முடியாது. நன்றாக வாசி." உங்கள் பதில் கடிதமா, தந்தியா? காலி நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எட்டுப் பாட்டும் வந்தது. பாடகர் வாடகைக் கீபோர்டை உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியின் மரப்பக்கத்தைத் தட்டிக் கொடுத்து, "வீட்டுக்குப் போய் எழுதி வைம்மா, மறந்துடாத" என்றார். எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒரு புகார். மெதுவான பாட்டு தொடங்கியதும் உங்கள் பிள்ளை எழுந்து மேடையை விட்டு நழுவிவிட்டார். அதில் அவருக்கு நான்கு நிமிஷம் வேலை இல்லைதான். இருந்தாலும் அந்தப் பாட்டுக்கா? என் வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்த நான்கு நிமிஷம், அவர் இல்லை! எங்கே போனீர்கள் என்றால் சிரிக்கிறார். பழையபடி கல்லுளிமங்கன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2
வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

இது உன் கையில் கிடைப்பதற்குள் நீயே வந்துவிடலாம். இருந்தாலும் இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதியே பழகிவிட்டேன்.

நெயில் பாலிஷ் எட்டு நிறம் வாங்கி வைத்திருக்கிறேன். அதே கடை, அதே பெண். பச்சையில் நல்ல அழுத்தமானதாகக் கேட்டு வாங்கினேன், என்னாலேயே அழிக்க முடியாதது. நீ வந்து புள்ளி வை. நான் துணியோடு அந்தப் பக்கம் வர மாட்டேன். சமையலறைக் கதவையும் இனிமேல் சாத்துவதாக இல்லை.

உன் புருஷனைத் திட்டாதே. நேற்று ராத்திரி எட்டு மணி சுமாருக்கு போர்டில் வெளியூர் விளக்கு எரிந்தது. வயரை மாட்டினேன். அந்த உறுமல். "ஆஸ்பத்திரி. யார் வேணும்?" என்றேன். "அம்மா, திட்டாதீங்க. வச்சிடாதீங்க" என்றான். அப்புறம் அவன் பேசவில்லை. உறுமல் மட்டும் நிற்காமல் வந்தது. லைன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். எதிரே சுவர்க் கடிகாரம். இரண்டு டிக், மூன்று துடிப்பு. அப்போதுதான் அது லைன் இல்லை, நீ என்று தெரிந்தது.

லைனில் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவை மீறியதில்லை. நேற்று நான்கு நிமிஷம் கேட்டேன். நடுவில் பிரசவ வார்டு விளக்கு எரிந்தது. இடது கையால் இணைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து கேட்டேன். கடைசியில் கொஞ்சம் சோர்ந்தது. அதை மாற்றாதே, நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். "யார் வேணும்?" என்று கேட்டதும் வழக்கம்போல இன்னொரு வயரைக் கையில் எடுத்துவிட்டேன். யார் பெயரைச் சொன்னாலும் கை தானாக அந்தத் துளைக்குப் போகும். இத்தனை வருஷமாக அந்த போர்டுக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் வேறு யாருக்காவதுதான். அவன், "நீங்கதாம்மா வேணும்" என்றான்.

வயரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை